விளம்பரம் அல்ல, விழிப்புணர்வு

விளம்பரப் பலகை கட்டுகிறவர்களுக்குள் அவனுக்குக் கயிறு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் சும்மா கிடந்தது. மற்றவர்கள் நாலு மாடி உயரத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு மறுகையால் போன் பேசுவார்கள். இவன் ஆளுயரச் சட்டத்தில் ஏறினாலும் இடுப்பில் ஒரு கயிறு, தோளில் ஒரு கயிறு. பத்தொன்பது வருடமாக இதற்காகக் கேலி பேசியவர்களில் மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருவர் இப்போது வங்கி வாசலில் காவல் வேலை பார்க்கிறார், உட்கார்ந்தபடியே.

கயிற்றின் கூட்டாளி அவன் மனைவியின் அண்ணன். மச்சானுக்கு உயரம் ஆகாது; பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே தலை கிறுகிறுக்கும். ஆனால் ஆள் நூற்றுப்பத்து கிலோ. தரையில் நின்று அவர் கயிற்றைப் பிடித்தால் நங்கூரம் போட்ட மாதிரி. மேலே இருக்கிறவன் உயிர் கீழே இருக்கிறவன் கையில் என்பதைச் சாப்பாட்டு வேளையில் தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது தட்டுக்குப் போவார்.

இவர்களிடம்தான் பேரிடர் பாதுகாப்புத் துறையின் பலகை வந்து சேர்ந்தது. புயல் விழிப்புணர்வு மாதம் என்று ஒரு மாதத்தை அறிவித்து, நாற்சந்தியில் உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நாற்பதடிக்கு இருபதடிப் பலகை வைக்க உத்தரவாகியிருந்தது. புயலின்போது பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று அதில் பத்து அறிவுரைகள். ஆனால் பலகையில் மூன்றில் இரண்டு பங்கைத் துறையின் இயக்குநர் முகமே எடுத்துக்கொண்டதால், அறிவுரைகள் ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றன. தெருவிலிருந்து பார்த்தால் முகம் தெரியும், சிரிப்பு தெரியும், எச்சரிப்பதுபோல் உயர்த்திய ஆள்காட்டி விரல் தெரியும். எழுத்து தெரியாது. அதைப் படிக்கக் காக்கையாகப் பிறந்திருக்க வேண்டும்.

அதை முழுதாகப் படித்தவர் ஊரில் ஒரே ஒருவர், மூன்றாம் மாடியின் தையல்காரம்மா. ஏழு தையல் மெஷின்கள், ஏழு பெண்கள், பள்ளிச் சீருடை மொத்த வேலை. மாடியில் காற்று தூக்குகிறது என்பதால் ஃபிளெக்ஸை அந்த அம்மாவின் கூடத்தில் விரித்துத்தான் ஓரத்துக்கு வளையம் அடித்தார்கள். பெண்கள் காலை மடக்கிக்கொண்டு ஓரமாக உட்கார, தையல்காரம்மா இடுப்பில் கைவைத்து ஒன்றிலிருந்து பத்துவரை படித்தார்.

"நல்ல விஷயமாத்தான் எழுதியிருக்காங்க தம்பி. இதைத் தரையிலயே போட்டு வச்சிருந்தா நாலு பேர் படிப்பாங்க" என்றார்.

பெரிய ஃபிளெக்ஸில் ஆங்காங்கே அரைவட்டமாகக் கீறிவிடுவது கயிற்றின் வழக்கம். காற்று புகுந்து போக வழி வேண்டும். இல்லாவிட்டால் பலகை பாய்மரமாகிவிடும். கத்தியை எடுத்தபோது பலகை இன்ஸ்பெக்டர் பதறித் தடுத்தார். ஊரிலுள்ள பலகைகளுக்கெல்லாம் அனுமதி தருவதும் அபராதம் போடுவதும் அவர் வேலை. இயக்குநர் முகத்தில் கீறல் விழுந்தால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். முகத்தில் ஒரு நூல் கீறல்கூடக் கூடாது, வேண்டுமானால் எழுத்துப் பகுதியில் கீறிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கயிறு அங்கே நாலு கீறல் போட்டான். ஆறாவது அறிவுரை போயே போய்விட்டது.

நான்காவது அறிவுரையைக் கயிறு மாடியில் கடைசி போல்ட்டை முடுக்கும்போதுதான் கவனித்தான். காற்றில் பெயர்ந்து விழக்கூடிய பொருட்களை மொட்டை மாடியில் வைக்காதீர்கள் என்று அது சொன்னது. படிக்கட்டில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் அதைக் காட்டினான்.

"அது பொருளைப் பத்தி சொல்லுதுப்பா. இது பலகை" என்றார் இன்ஸ்பெக்டர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

விழிப்புணர்வு மாதம் முடிந்தது. பலகை மட்டும் இறங்கவில்லை. அடுத்த மூன்றாவது வாரம் கடலில் ஒரு புயல் உருவாகி, நேரே இந்த ஊரைப் பார்த்துத் திரும்பியது.

ஊரிலுள்ள விளம்பரப் பலகைகளை எல்லாம் ஒரு நாளைக்குள் இறக்க உத்தரவு வந்தது. கயிறும் மச்சானும் விடிந்ததிலிருந்து வேலை செய்தார்கள். பற்பசைக்காரி இறங்கினாள். நகைக்கடை மணப்பெண் இறங்கினாள். முதல் மதிப்பெண் வாங்கிய பன்னிரண்டு மாணவர்கள் ஒரே சுருட்டாக இறங்கினார்கள். பகல் சாயும் நேரத்தில் நாற்சந்திக்கு வந்தால், அங்கே இன்ஸ்பெக்டர் கையை நீட்டி நிறுத்தினார். உத்தரவில் விளம்பரப் பலகை என்றுதான் இருக்கிறதாம். இது விளம்பரம் அல்ல, விழிப்புணர்வாம்.

காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று மச்சான் கேட்டுப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. புயல் வரும் நேரத்தில் புயல் பலகையை எடுப்பது, மழை வரும் நேரத்தில் குடையை மடக்கி உள்ளே வைப்பது மாதிரி என்றார். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இயக்குநரோ புயல் முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இருக்கிறார். கூட்டம் புயல் கரையைக் கடந்த பிறகுதான் முடியும். இதைச் சொல்லும்போது இன்ஸ்பெக்டரின் கண் ஒருமுறை மேலே போய், இருபதடி உயரச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சட்டென்று கீழே வந்தது. கயிறு அதைக் கவனித்தான். ஆனால் கேட்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தையல்காரம்மா போன் செய்தார். கூரையில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் கேட்கிறதாம். வெட்டிவைத்த துணியின்மேல் சுண்ணாம்புப் பொருக்கு உதிர்கிறதாம்.

"பொண்ணுங்க வந்திருக்காங்களா அக்கா?" என்று கேட்டான்.

"வந்திருக்காங்க. நாளைக்கு முன்னூறு உடுப்பு கொடுக்கணுமே."

போல்ட் அசையத் தொடங்கிவிட்டது என்று கயிற்றுக்குப் புரிந்தது. மதியம் ஒரு மணிக்குப் புயல் கரை தொடும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிவரை காற்று விட்டுவிட்டுத்தான் வீசும். அதற்குள் முடித்தால் உண்டு. அவன் மனைவி கதவை மறித்து நின்றாள். வெளியே போகாதே என்று உலகமே சொல்லும் நாளில் இந்த மனுஷனுக்கு மட்டும் மாடியில் என்ன வேலை என்றாள். கயிறு சொல்லிப் பார்த்தான். கடைசியில் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீயும் கூடவே மேல போற. கீழ நின்னு பிடிக்கிற கதையெல்லாம் இன்னைக்கு வேணாம்."

மச்சானின் முகம் வெளுத்தது. ஆனால் தங்கையிடம் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

முதல் வேலையாகக் கயிறு மூன்றாம் மாடியைக் காலி செய்தான். தரைத்தளத்தில் மெத்தைக் கடை. அதன் பின்புறம் ஜன்னலே இல்லாத சரக்கறை ஒன்று, நாலு பக்கமும் சுவர். கடைக்காரர் சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு முந்தின நாளே குடும்பத்தோடு மேட்டுப் பகுதிக்குப் போயிருந்தார். பெண்கள் அங்கே இறங்கினார்கள். தையல்காரம்மா மட்டும் மெஷின்களை விட்டு வர மறுத்தார். ஏழும் ஏழு பிள்ளை மாதிரி என்றார். மச்சான் ஒவ்வொரு மெஷினின் தலையையும் கழற்றி, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நாலு நடையில் கீழே சேர்த்தார்.

அடுத்தது தெரு. பேருந்துக்கு நின்றவர்கள் மழைக்கு ஒதுங்கச் சரியாகப் பலகைக்கு நேர் கீழே உள்ள நடைபாதையையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களை விரட்ட ஆள் வேண்டும். மச்சானோ மாடிக்கு வேண்டும். தையல்காரம்மா மீட்டர் அளவுகோலை எடுத்துக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி. இங்க ஒரு ஈ நிக்காது."

மொட்டை மாடியில் காற்று ஆளைத் தள்ளியது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு தவழ்ந்தே வந்து, மாடிப்படி அறையின் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கண்ணைத் திறக்கச் சொல்லாதே, கையை மட்டும் நம்பு என்றார். அந்தக் கையைப் பத்தொன்பது வருடமாக நம்பித்தான் கயிறு பிள்ளை குட்டி பெற்றிருந்தான்.

சட்டத்தின் பின்புறமாக ஏறினான். முதலில் நடுவில் நீளக் கீற வேண்டும். காற்றுக்கு வழி கிடைத்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். பிறகு ஓரக்கட்டுகளை அறுத்துத் துண்டு துண்டாகச் சுருட்டி மாடிப்படி அறைக்குள் திணிக்க வேண்டும். அப்படியே விட்டால் ஃபிளெக்ஸே பறந்துபோய் மின்கம்பியில் விழும். வளைந்த கத்தியை இயக்குநரின் நெற்றியில் வைத்து இழுத்தான். மூக்கு வழியாக, உதடு வழியாக, மோவாய்வரை கிழிந்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டு அந்த வழியாகப் பாய்ந்தது. சட்டத்தின் முனகல் அந்தக் கணமே தணிந்ததைக் கயிறு தன் காலில் உணர்ந்தான்.

அப்போதுதான் மழைக்கோட்டோடு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். நடைபாதையில், பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, யார் உத்தரவின் பேரில் இது நடக்கிறது என்று அண்ணாந்து கேட்டார். மழை வாய்க்குள் போனது. தையல்காரம்மா அளவுகோலால் அவர் தோளைத் தட்டி, எதிர்த் திண்ணைப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். தான் யார் தெரியுமா என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். மேல இருந்து விழுறதுக்குத் தெரியாது."

அவர் இரண்டடி நகர்ந்தார். குறிப்பேட்டைத் திறந்து எழுதப் பார்த்தார். தாள் கையிலேயே கரைந்தது. மேலே இயக்குநரின் இடது கன்னம் பிரிந்து படபடத்தது. தெருவில் யாரோ அதையும், கிழிசலில் கத்தியோடு தெரிந்த கயிற்றையும் போனில் படம் எடுத்துவிட்டு ஓடினார்கள்.

பத்தரை மணிக்கு முக்கால்வாசி இறங்கிவிட்டது. மேல் மூலையில் அந்த உயர்த்திய விரல் மட்டும் மீதி. இன்னும் ஆறு கட்டுகள். கயிறு ஒரு கட்டை அறுத்தபோது இடுப்புக் கயிறு மெல்ல ரீங்கரிக்கத் தொடங்கியது. இழுத்துக் கட்டிய கயிறு காற்றில் பாட ஆரம்பித்தால் மேலே இருக்கக்கூடாது. அது அவன் தனக்கே வைத்துக்கொண்ட சட்டம். விரலை விட்டுவிட்டு இறங்கினான். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் முடிந்திருக்கும் என்று மனசு அரித்தது. மச்சான் கண்ணைத் திறந்து முதல்முறையாகச் சுற்றிலும் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டு படிக்கட்டுவரை தவழ்ந்தார்.

பதினொன்றரைக்கு வீதியில் நிற்க முடியவில்லை. மழைக்கோட்டையும் ஸ்கூட்டரையும் காற்றுக்குப் பறிகொடுத்த இன்ஸ்பெக்டருக்குப் போக்கிடம் இல்லை. தையல்காரம்மாவே கதவைத் திறந்து அவரையும் உள்ளே இழுத்துப் பூட்டினார்.

சரக்கறையில் பதினொரு பேர், ஏழு மெஷின் தலைகள், பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை அடுக்குகள். மின்சாரம் போய்விட்டது. ஒரு கைவிளக்கு. குடத்தில் தண்ணீர். வெளியே இரும்பு ஷட்டரை யாரோ உலுக்குவது போன்ற சத்தம். ஒவ்வொரு முறை கட்டடம் அதிரும்போதும் பெண்களில் ஒருத்தி அம்மாவுக்குப் போன் போட்டாள், இணைப்பு கிடைக்கவில்லை. மச்சான் மெத்தைமேல் உட்கார்ந்தவர் சாய்ந்தார், சாய்ந்தவர் தூங்கினார். குறட்டையில் புயலுக்கே கொஞ்சம் கூச்சம் வந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் ஈரக் கால்சட்டையோடு ஒரு மூலையில் இருந்தார். தினமும் மாலை ஆறு மணிக்குப் பலகை பத்திரமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இன்று என்ன எழுதுவது? இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள் என்றும் சொன்னார், யாரும் கேட்காமலே. முந்தின நாள் இரண்டு முறை அனுமதி கேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பியதாகவும், இரண்டுக்கும் பதிலாகக் கூட்டத்தின் படம்தான் வந்தது என்றும் கொஞ்சம் கழித்துச் சொன்னார். கயிற்றுக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் குடத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஒன்றேகால் மணிக்கு எல்லாச் சத்தமும் நின்றது. பிடித்து நிறுத்தியது போல் நின்றது. கதவிடுக்கில் வெயில்கூடத் தெரிந்தது. மச்சான் விழித்து, முடிந்துவிட்டதா, எங்காவது தேநீர் கிடைக்குமா பார்க்கிறேன் என்று எழுந்தார். இன்ஸ்பெக்டர் அவருக்கு முன்னால் கதவருகே நின்றார். மேலே போய்ப் பார்த்துவிட்டு உடனே அறிக்கை அனுப்பிவிட்டால் தேவலை என்றார்.

தையல்காரம்மா சாவியை மெத்தையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"காத்து நின்னுபோச்சும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நிக்கல சார். நாம இப்ப நடுவுல இருக்கோம். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்ப அடிக்கும். எட்டாவது அறிவுரை."

"எதுல எட்டாவது?"

"உங்க பலகையிலதான்."

இன்ஸ்பெக்டர் மற்ற அறிவுரைகளையும் கேட்டார். தையல்காரம்மா விரல்விட்டுச் சொன்னார்: ஜன்னல் இல்லாத உள்ளறையில் இரு, குடிநீர் பிடித்து வை, அறுந்த கம்பியைத் தொடாதே. ஆறாவது மட்டும் நினைவில்லை என்றார். சொல்லி முடிக்கும் முன் புயல் மறுபக்கமாக வந்து அறைந்தது. முன்னதைவிட மோசம். கடையின் முன்கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. மச்சான் தேநீரைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை.

மாலை நாலரைக்கு வெளியே வந்தார்கள். தெருவில் கண்ணாடி, ஓடு, யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ ஒன்று. மாடியில் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் நின்றது. இரண்டு போல்ட் பிடுங்கிப்போய், மூன்றாம் மாடிக் கூரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஃபிளெக்ஸ் முழுதாக இருந்திருந்தால் நாலு டன் இரும்பும் தையல் கூடத்துக்குள் இறங்கியிருக்கும். இன்ஸ்பெக்டர் அந்த வெடிப்பைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

துறையின் தலைமை அலுவலக மாடியிலும் இதேபோல் ஒரு பலகை இருந்தது. அதை யாரும் கீறவில்லை. அது சட்டத்தோடு பெயர்ந்து வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்து, இயக்குநரின் காரை இயக்குநரின் முகமே மூடிவிட்டது. எல்லாரும் உள்ளே கூட்டத்தில் இருந்ததால் யாருக்கும் காயமில்லை. மறுநாள் இயக்குநர் தொலைக்காட்சியில் பேசினார். இந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகாததற்குத் துறை வைத்த விழிப்புணர்வுப் பலகைகளே காரணம் என்றார்.

பத்து நாள் கழித்துக் கயிற்றுக்கு நோட்டீஸ் வந்தது. அரசுப் பலகையில் உயர் அதிகாரி ஒருவரின் முகத்தைக் கத்தியால் கிழித்தது ஏன், இதற்குப் பின்னால் யார் என்று கேட்டிருந்தார்கள். கன்னம் படபடக்கும் படம் இணைப்பாக இருந்தது. அதற்குள் அது ஊரெல்லாம் போனில் சுற்றி முடித்திருந்தது. கயிற்றுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தையல்காரம்மா பதில் எழுதிக் கொடுத்தார், ஒரே வரி: தங்கள் பலகையின் நான்காவது அறிவுரையைப் பின்பற்றினேன்.

அந்தப் பதிலை விசாரணையில் யாரும் படிக்கவில்லை. அதற்கு முன்பே இன்ஸ்பெக்டரின் அறிக்கை போய்ச் சேர்ந்து, விசாரணையே முடிந்திருந்தது. பலகை பலத்த காற்றால் கிழிந்தது என்றும், சம்பவ இடத்தில் தாமே நேரில் இருந்ததாகவும், படத்தில் தெரியும் நபர் பறந்த துண்டுகளைப் பிடிக்க முயன்ற தொழிலாளி என்றும் எழுதி, அடியில் கையெழுத்திட்டிருந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எழுதிய முதல் பொய் அது என்று கயிற்றிடம் பிறகு சொன்னார். அவர் அதுவரை எழுதிய உண்மைகளைவிட அது எவ்வளவோ மேல் என்றார் மச்சான், அவர் போன பிறகு.

புதுப் பலகைக்கு உத்தரவு வந்தது, இம்முறை ஐம்பதடி. கட்டடத்தில் குடியிருந்த ஆறு பேரும் சேர்ந்து உரிமையாளரிடம் போய் நின்றார்கள். தையல்காரம்மா கூரை வெடிப்பில் விரலை விட்டுக் காட்டினார். மாடி வாடகை போகிறதே என்று உரிமையாளர் அங்கலாய்த்துவிட்டு, கடைசியில் முடியாது என்று எழுதிக் கொடுத்தார். பலகை எதிர்க் கட்டடத்துக்குப் போனது. அதைக் கட்டக் கயிற்றைக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. வேறு ஆள் கட்டினான்.

கயிறும் மச்சானும் சாய்ந்த சட்டத்தைக் கழற்ற இரண்டு நாள் ஆயிற்று. போல்ட் துளைகளில் சிமெண்ட் பூசி, வெடிப்பையும் அடைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்று கயிறு அடம் பிடித்தான். கொடுக்காமல் விடமாட்டேன் என்று தையல்காரம்மா நின்றார். இருவரும் படிக்கட்டில் நின்று வாதாடிக்கொண்டிருக்க, மச்சான் நடுவில் புகுந்து, தனக்கு ரெடிமேடில் எங்கேயும் அளவு கிடைப்பதில்லை, இரண்டு கால்சட்டை தைத்துக் கொடுத்தால் கணக்கு சரி என்றார். தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கூலியைவிடத் துணிக்கே அதிகம் ஆகும் போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே, அளவு நாடாவோடு இன்னொரு நாடாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.